யோனாவுக்கு நிழல் கொடுத்தது சுரைக்காயா ஆமணக்கா: ஒரு எபிரேய டூல் கட்டின கதை

பைபிள்ல, பெரிய மீன் விழுங்கின யோனாவோட புத்தகத்துல மொத்தமே 4 அதிகாரம், 48 வசனம். எபிரேயச் சொல் எண்ணிப்பார்த்தா எழுநூறுக்குக் கொஞ்சம் கம்மி. கிறிஸ்துமஸ் லீவுல முடிச்சிடலாம்னுதான் கை வச்சேன், ரெண்டு கிறிஸ்துமஸ் போயிடுச்சு, இன்னும் அதுலயே ஏதாவது ஒண்ணைத் தட்டிக்கிட்டுதான் இருக்கேன்.

எங்க சபையில சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பைபிள் ஸ்டடி, பத்துப் பன்னிரண்டு பேர் வருவாங்க, யாரும் செமினரி போனவங்க கிடையாது. பிரசங்கத்துல "இதுக்கு எபிரேயத்துல இப்படி அர்த்தம், கிரேக்கத்துல அப்படி அர்த்தம்"னு கேட்டுக்கேட்டு, அதை நாமளே பாக்க முடியாதான்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். நான் வெப் டெவலப்பர், வாய் சும்மா இருக்குமா, பாக்கலாமே அண்ணாச்சி, வசனத்துல ஒரு சொல்லைத் தட்டினா அதோட மூலச்சொல், பொருள், இலக்கணம் எல்லாம் வர்ற மாதிரி செஞ்சிடலாம்னு சொல்லிட்டேன். கேம்பிரிட்ஜ்ல இருக்கிற டிண்டேல் ஹவுஸ்காரங்க ஸ்டெப் பைபிள்னு ஒண்ணு இலவசமா குடுக்குறாங்க, அருமையான டூல், அதையே காட்டியிருக்கலாம். ஆனா அதுல வர்ற இலக்கணம், அகராதியெல்லாம் இங்கிலீஷ் வழி படிச்சவங்களுக்குத்தான் சட்டுனு பிடிபடும், எங்க ஆளுங்க தமிழ் வழியில படிச்சவங்க.

டேட்டாவுக்குப் பஞ்சமே இல்ல, இது எனக்கே ஆச்சரியம். எபிரேயத்துக்கு ஓப்பன் ஸ்கிரிப்சர்ஸ் குரூப்போட ஃபைல்கள் கிட்ஹப்ங்கிற கோட் பகிர்ற தளத்துல இருக்கு, புத்தகத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். மூலம் லெனின்கிராட் கோடெக்ஸ், கி.பி. 1008 வாக்குல எழுதின கையெழுத்துப் பிரதி, இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்ட்ராங் நம்பர் (ஸ்ட்ராங் அகராதியில அந்த மூலச்சொல்லோட வரிசை எண்), இலக்கணக் குறியீடு, முன்னொட்டு எங்க பிரியுதுன்னு ஒரு சாய்கோடு வரைக்கும் போட்டு வச்சிருக்காங்க. கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு 2010-ல வந்த எஸ்பிஎல் (ஒரு பைபிள் ஆய்வுச் சங்கம்) பதிப்பு, அதுக்கு மார்ஃப்ஜிஎன்டி-ன்னு வரிக்கு ஒரு சொல்லா, 7 பத்தியா அடுக்கின ஃபைல், 1 லட்சத்து 37 ஆயிரம் வரிக்கு மேல. லைசென்ஸை மட்டும் முதல் நாளே உக்காந்து படிச்சிருங்க. சிலது பேரு போட்டாப் போதும், சிலது நீங்க மாத்தினதையும் அதே மாதிரி திறந்து வைக்கணும், ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற ஒரு யுனிவர்சிட்டியோட எபிரேய டேட்டாபேஸ் மாதிரி சிலது வியாபாரத்துக்கு ஆகாது. தமிழ் மொழிபெயர்ப்புக்கும் இதேதான், நெட்ல கிடைக்குதுங்கிறதால அது உங்களுது ஆகிடாது. நான் முழு வசனத்தை டூல்ல போடவே இல்ல, சொல்லுக்குச் சொல் பொருள் மட்டும் நாங்களே எழுதிக்கிட்டோம், முழு வசனத்துக்குத்தான் ஆளாளுக்கு மடியில பைபிள் இருக்கே.

அந்த "நாங்களே எழுதிக்கிட்டோம்"ங்கிறது பின்னாடி வந்த புத்தி. முதல்ல என்ன பண்ணேன்னா, 1890-ல வந்த ஸ்ட்ராங் அகராதி பப்ளிக் டொமைன்தானே, அதுல இருக்கிற இங்கிலீஷ் பொருளை மொத்தமா மெஷின் டிரான்ஸ்லேஷன்ல போட்டுத் தமிழாக்கி ஏத்திட்டேன், அரை மணி நேர வேலை. சனிக்கிழமை பெருமையா காட்டினேன். யோனா 4:6, கீகாயோன்ங்கிற சொல்லைத் தட்டினா "சுரைக்காய்"னு வருது. மடியில பைபிளை விரிச்சு வச்சிருந்த ரிட்டயர்டு தமிழ் டீச்சர் ஒருத்தங்க, "தம்பி, இங்க ஆமணக்குன்னு போட்டிருக்கே, எது சரி?"ன்னாங்க. ஸ்ட்ராங்ல இருந்தது கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய இங்கிலீஷ் பைபிளோட சொல், சுரை. அது என்ன செடிங்கிறது பழைய காலத்துலயே சண்டை, ஆனா ஆமணக்குன்னு சொல்றவங்க நிறைய, நம்ம தமிழ் பைபிள்காரங்க அந்தப் பக்கம் போயிருக்காங்க. ஆமணக்கு எவ்வளவு வேகமா வளரும், இலை எவ்வளவு அகலம்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், குப்பைமேட்டுல தானா முளைச்சு நிக்கும். நான் என்ன பண்ணேன், நம்ம கையில இருந்த ஆமணக்கைத் தூக்கிப்போட்டுட்டு லண்டன் வழியா சுத்திப் போய் சுரைக்காய் வாங்கிட்டு வந்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரியே அந்த டேபிளை அழிச்சேன். டீச்சர் ஒரு நோட்டுல ஒவ்வொரு சொல்லா பொருள் எழுதுறாங்க, நான் டைப் பண்றேன், சந்தேகம் வந்தா ரெண்டு மூணு அகராதி பாக்குறோம். ஒரு சாயங்காலத்துக்கு இருபது சொல் முடிஞ்சா பெரிய விஷயம்.

அடுத்த அடி டெக்னிக்கல். எபிரேய எழுத்துக்குக் கீழயும் மேலயும் உயிர்க்குறி, அதுக்கும் மேல ராகமா வாசிக்கிறதுக்கான குறி, ஒரே எழுத்துல மூணு நாலு குறி நிக்கும். தேடும்போது இதெல்லாம் யார் அடிப்பா, அதனால குறிகளையெல்லாம் கழட்டிட்டுத் தேடலாம்னு, யூனிகோட்ல (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் எண் குடுக்கிற பட்டியல்) அந்தக் குறிகள் ஆரம்பிக்கிற இடத்துல இருந்து முடியிற இடம் வரைக்கும் மொத்தமா அழிக்கிற மாதிரி ஒரு வரி எழுதினேன். யோனான்னு தேடினா 1:1 வரவே இல்ல. முதல் வசனத்துலயே ஆள் பேரு இருக்கு, வரல! ரெண்டு நாள் முழிச்சேன். விஷயம் என்னன்னா, மக்காஃப்னு ஒரு குறி, நம்ம ஹைஃபன் மாதிரி ரெண்டு சொல்லைக் கோக்குறது, அதுவும் அந்த வரிசைக்கு நடுவுல உட்காந்திருக்கு. எல்-யோனா, பென்-அமித்தாய்ங்கிறதுல கோடு போனதும் எல்யோனா, பென்அமித்தாய்னு ஒட்டிக்கிச்சு. முதல்ல மக்காஃபை இடைவெளியா மாத்திட்டு அப்புறம் மத்தக் குறிகளைக் கழட்டணும்.

இதுல பாடம் படிச்சேன்னு நெனச்சா அடுத்து இன்னும் கேவலம். கிரேக்கத்துக்கும் குறி கழட்டணுமேன்னு "எந்த மொழியா இருந்தாலும் சேர்க்கைக் குறியெல்லாம் எடு"ன்னு ஒரே ஃபங்ஷனா எழுதி, தமிழ்த் தேடலுக்கும் அதையே மாட்டிட்டேன். தமிழ்ல ஒரு புள்ளி, ஒரு சுழி, ஒரு கொம்பு எல்லாமே யூனிகோட் கணக்குல சேர்க்கைக் குறிதான். கர்த்தர் "கரததர" ஆயிட்டார். மீன்னு தேடினா ரெண்டு எழுத்து "மன" மட்டும் மிஞ்சி, புத்தகத்துல இருக்கிற மனுஷன் மனுஷர் எல்லாம் வரிசையா வந்து நிக்கிறாங்க. மீன் தேடினா மனுஷன் வர்றான், யோனா கதைக்கு இது தலைகீழ். அதனால மொழிக்கு ஒரு ஃபங்ஷன் தனியா எழுதுங்க, பொதுவா ஒண்ணுன்னு புத்திசாலித்தனம் காட்டாதீங்க.

இன்னொண்ணு, காட்டுற எழுத்தைத் தொடவே தொடாதீங்க. தேடுறதுக்கு டேபிள்ல தனியா ஒரு பத்தி வச்சுக்கிட்டு அதை என்ன வேணா பண்ணுங்க. நார்மலைஸ்னு ஒரு கட்டளை இருக்கு, பல விதமா சேமிச்ச ஒரே எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர்றது, பாக்க சாது, ஆனா எபிரேய உயிர்க்குறிகளோட வரிசையை அது தன் இஷ்டத்துக்கு மாத்தும். எருசலேம்ங்கிற பேர்ல ஒரே எழுத்துக்குக் கீழ ரெண்டு உயிர்க்குறி வரும், நார்மலைஸ் பண்ணா முன்னது பின்னது மாறிடும், அதைத் தடுக்கவே நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரக்டரைச் சொருகுற வழக்கம் இருக்கு. கிரேக்கத்துல வேற கூத்து, ஒரே மாதிரி தெரியிற சாய்வுக் குறிக்கு யூனிகோட்ல ரெண்டு எண், டோனோஸ் ஒண்ணு, ஒக்சியா ஒண்ணு, கண்ணால வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது, தேடினா மட்டும் சிக்காது. இங்க நார்மலைஸ்தான் காப்பாத்தும். ஒரே மருந்து ஒருத்தருக்கு விஷம், இன்னொருத்தருக்கு அமிர்தம்.

அதிகார எண்ணும் காலை வாரிச்சு. தமிழ் பைபிள்ல யோனா 1:17 பெரிய மீன் வசனம். எபிரேயத்துல முதல் அதிகாரம் 16-ஓட முடிஞ்சிடும், மீன் வர்றது 2:1. 1:17-ஐத் தட்டினா வெள்ளைப் பக்கம். மல்கியாவுக்கு நமக்கு 4 அதிகாரம், அங்க 3. யோவேல் நமக்கு 3, அங்க 4. சங்கீதம் 51-ல தலைப்பையே ரெண்டு வசனமா எண்ணுவாங்க, நம்ம முதல் வசனம் அங்க மூணாவது. எந்த டூல் கட்டினாலும் முதல் நாளே ஒரு மாத்து-அட்டவணை வச்சிருங்க, பின்னாடி ஒட்டுப்போட்டா தையல் தெரியும்.

இனிமே சொல்லப்போறதுதான் இந்த ரெண்டு வருஷத்துல எனக்குக் கிடைச்சது.

எபிரேயம் வலமிருந்து இடம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ தமிழ்ப் பொருளைப் போட்டு, வரியை அப்படியே வலமிருந்து இடமா அடுக்கி, லேப்டாப்பை டிவியில மாட்டிக் காட்டினேன். வசனம் அதே மீன் வசனம். வயெமன் (ஏற்படுத்தினார்), யஹ்வே (கர்த்தர்), தாக் (மீன்), காதோல் (பெரிய), லிவ்லோஅ (விழுங்க), ஏத்-யோனா (யோனாவை), இதுதான் எபிரேய வரிசை. வலப்பக்கத்துல இருந்து படிக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். அண்ணாச்சி பாட்டுக்கு இடப்பக்கத்துல இருந்து தமிழைச் சத்தமா வாசிச்சார்: "யோனாவை விழுங்க பெரிய மீன் கர்த்தர் ஏற்படுத்தினார்." வாசிச்சுட்டு, "இது நம்ம பைபிள்ல இருக்கிறது மாதிரியேல்லா இருக்கு"ன்னார். பைபிளைப் பாத்தா, "யோனாவை விழுங்கும்படி ஒரு பெரிய மீனைக் கர்த்தர் ஆயத்தப்படுத்தியிருந்தார்." அச்சு அசல் அதே வரிசை! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. தப்பா வாசிச்சது சரியான தமிழா வந்து நிக்குது.

யோசிச்சுப் பாத்தா மாயமில்ல. எபிரேயக் கதை நடையில வினை முதல்ல, நமக்குக் கடைசியில. அவங்களுக்குப் பெயர் முன்னாடி பெரியங்கிறது பின்னாடி, நமக்குத் திருப்பி. அவங்க "வயிற்றில்-மீனின்"னு சொன்னா நாம மீன் வயிற்றிலேன்னு சொல்றோம். கண்ணாடியில பாக்குற மாதிரி. எல்லா இடத்துலயும் ஒத்துவராது, அதே வசனத்துல "மூன்று நாள்"ங்கிறது திருப்பிப் படிச்சா "நாள் மூன்று" ஆகுது. இருந்தாலும் பத்து வசனத்துல பாதி வசனம் இந்த விளையாட்டுக்கு மசியுது, எங்க குரூப்புக்கு எபிரேய வாக்கிய அமைப்பு பிடிபட்டது இப்படித்தான், எந்தப் பாடமும் நடத்தாம.

டீச்சர் அங்கயே நிக்கல. "அந்த ஏத் ஏத்ன்னு வருதே அது என்ன?"ன்னாங்க. இங்கிலீஷ்ல எழுதினவங்க எல்லாரும் அதை "மொழிபெயர்க்க முடியாத சொல், செயப்படுபொருளைக் காட்டும்"னு ஒரு வரியில கடந்துபோவாங்க, பழைய ஏற்பாட்டுல 10 ஆயிரம் தடவைக்கு மேல வர்ற சொல்லு அது. டீச்சர் உடனே, "மொழிபெயர்க்க முடியாதாவது, இது நம்ம ஐ. இரண்டாம் வேற்றுமை"ன்னாங்க. யோனா-வை, அந்த ஐ. ஆதியாகமம் முதல் வசனத்துல ஏத் ரெண்டு தடவை, நம்ம பைபிள்ல "வானத்தையும் பூமியையும்", ஐ ரெண்டு தடவை. அப்போ தாக் காதோலுக்கு முன்னாடி ஏன் ஏத் இல்லைன்னு நான் மடக்கினேன். அதுக்கும் பதில் வச்சிருந்தாங்க: "மீன் வாங்கிட்டு வான்னு சொன்னா ஏதோ ஒரு மீனு, மீனை வாங்கிட்டு வான்னா எந்த மீன்னு உனக்கும் எனக்கும் தெரியும்." ஏத் பெரும்பாலும் வர்றது அந்த ரெண்டாவது வகைக்குத்தான், தெரிஞ்ச, குறிப்பிட்ட பொருளுக்கு. நான் படிச்ச இலக்கணப் புத்தகத்துல ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்ததை மீன் மார்க்கெட்டை வச்சு முடிச்சிட்டாங்க.

அன்னைக்குத்தான் டூல்ல இருந்த அக்யூசேட்டிவ், டேட்டிவ், ஹிஃபில் (செய்ய வைக்கிற எபிரேய வினை வடிவம்) எல்லாத்தையும் தூக்கிட்டு வேற்றுமை, தன்வினை, பிறவினைன்னு மாத்தினேன். திரும்பு-திருப்பு தெரிஞ்சவனுக்கு ஹிஃபில் பாதி தெரிஞ்ச மாதிரி. இதுலயும் குழி இருக்கு. கிரேக்க டேட்டிவுக்கு நான்காம் வேற்றுமைன்னு கண்ணை மூடிக்கிட்டு லேபிள் போட்டேன், எபேசியர் 2:8-ல "கிருபையினாலே"ங்கிற இடத்துல நான்காம் வேற்றுமைன்னு வருது, ஆல் எப்படித் தம்பி நான்காம் வேற்றுமைன்னு திட்டு விழுந்துச்சு. கிரேக்கத்துல அந்த ஒரே வேற்றுமை நம்ம கு, ஆல், இல் மூணு வேலையையும் பாக்கும். இப்ப லேபிள்ல மூணையும் போட்டு, "இடத்தைப் பொறுத்து"ன்னு விட்டிருக்கேன்.

மீனுக்கு ஆண்பால்னு வந்ததுக்கும் ஒரு சிரிப்பு. மீன் அஃறிணை, அதுக்கு ஏது ஆண்பால். அதைவிட, எபிரேயத்துல விழுங்கும்போது தாக்-னு ஆண்பால், அடுத்த வசனத்துல ஜெபம் பண்ணும்போது தாகா-ன்னு பெண்பால், கக்கும்போது திரும்ப ஆண்பால். அப்போ ரெண்டு மீனா அண்ணன்னு காலேஜ் பையன் கேட்டான். பழைய யூத விளக்கக்காரங்களும் இதே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுக் கதை சொல்லியிருக்காங்கன்னு சொன்னதும் அவனுக்கு ஒரே பெருமை.

அந்த ஐ-யை மட்டும் வேற கலர்ல காட்டணும்னு ஆசைப்பட்டு ஒரு வாரம் வீணாப்போச்சு. யோனாவை-ல ஐ தனி எழுத்தா இல்லையே, வ-வுக்கு முன்னாடி வந்து ஒட்டிக்கிட்ட கொம்பு. அதைத் தனியா தட்டுற மாதிரி பிரிச்சா, ஸ்கிரீன்ல புள்ளி வட்டத்தோட அநாதையா நிக்குது. கடைசியில கீழ ஒரு வரியில "யோனா + வ் + ஐ"ன்னு பிரிச்சே எழுதிட்டேன், நடுவுல வர்ற வ் உடம்படுமெய்னு பள்ளிக்கூட ஞாபகம் வேற எல்லாருக்கும் வந்துச்சு.

மவுஸை மேல கொண்டுபோனா பொருள் தெரியிற மாதிரி கட்டினதையும் சொல்லிடறேன். வந்த அத்தனை பேர் கையிலயும் போன், மவுஸுக்கு எங்க போறது. அமுக்கிப் பிடிச்சா காப்பி பண்ணவான்னு கேக்குது. இப்ப போன்ல சொல்லுக்கு ஒரு வரி, மேலிருந்து கீழ, ஒரு தட்டு தட்டினா விரியும். ஃபான்ட்டையும் கூடவே அனுப்பிடுங்க, எஸ்ரா எஸ்ஐஎல் இலவசம், போன்ல இருக்கிறதை நம்பினா குறிகள் எழுத்து மேல ஏறி உட்காரும். வரி உயரத்தைத் தாராளமா விடுங்க, இல்லைன்னா மேல் குறி வெட்டுப்படும்.

இந்த மாதிரி டூல்ல ஒரு ஆபத்தும் இருக்கு, அதை நானே கட்டி நானே பாத்தேன். தட்டினா கிரேக்கம் வருதுன்னதும் எல்லாருக்கும் கொஞ்சம் பண்டிதக் களை வந்துடுது. அகாபே தெய்வீக அன்பு, ஃபிலியோ வெறும் நட்புன்னு ஒருத்தர் அடிச்சுப் பேசினார். அதனால ஒரு சொல் வர்ற எல்லா இடத்தையும் பட்டியலா காட்டுற பட்டனைப் பெருசா வச்சேன். அகாபே-யோட வினைச்சொல்லான அகாபாவோ-வைத் தட்டி ஓட்டினா 2 தீமோத்தேயு 4:10 வருது, தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுப் போன இடம், அங்க இருக்கிறதும் அதே சொல்தான். யோவான் 5:20-ல பிதா குமாரனை நேசிக்கிறதுக்கு ஃபிலியோ. அவர் ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு, அப்போ இவ்வளவு நாள் நான் சொன்னதுன்னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டார். பொருள் பெட்டியைச் சின்னதாக்கி, வசனப் பட்டியலைப் பெருசாக்குங்க, டிசைன்ல நான் எடுத்த நல்ல முடிவு இது ஒண்ணுதான்.

யோனா கப்பல்ல தூங்கினான், இயேசுவும் கப்பல்ல தூங்கினாரேன்னு பேச்சு வந்து, அடுத்து மாற்கு எடுத்தோம். அங்க முதல் புகார், "வசனத்தைக் காணோம்." 9:44, 9:46 ரெண்டும் எஸ்பிஎல் பதிப்புல கிடையாது, பழைய முக்கியமான பிரதிகள்ல இல்லைன்னு எடுத்துட்டாங்க, நம்ம பைபிள்ல இருக்கு. நான் வசனத்தை அழிச்சிட்டேன்னு ஒரு அம்மா உண்மையாவே கலங்கிட்டாங்க. வெறும் பக்கம் காட்டாம அங்க காரணத்தை ரெண்டு வரி எழுதி வச்சேன்.

இப்ப நிக்கிற இடம் மாற்கு 4:38. கப்பல் முங்குது, சீஷர்கள் எழுப்புறாங்க, "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா." கிரேக்கத்துல அப்போல்லூமெத்தா, ஒரே வினைச்சொல், தன்மைப் பன்மை, அவ்வளவுதான். நாமா நாங்களாங்கிற வித்தியாசம் கிரேக்கத்துல கிடையாது, தமிழ்ல ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். அதே படகுலதானே அவரும் இருக்கார், நாம்னுதான் வரணும்னு அண்ணாச்சி. அவர் சாகமாட்டார்னு நெனச்சுத்தான் நாங்கள்னு சொல்றாங்கன்னு டீச்சர். பொருள் பெட்டியில நான் "நாங்கள் / நாம்"னு சாய்கோடு போட்டு வச்சேன், தைரியமில்லாதவன்னு ரெண்டு பேருமே என்னைத் திட்டுறாங்க. நோட்டுல அந்தச் சொல்லுக்கு நேரா இன்னும் காலியாத்தான் இருக்கு.